மாற்று வேட்பாளர்

வேட்புமனுவை வாபஸ் வாங்க மூன்று மணி வரைக்கும்தான் நேரம். பாப்பிரெட்டிப்பட்டி ஒன்றிய அலுவலகத்து வேப்பமரத்தடியில் மலர்விழி உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். காலையிலிருந்து எத்தனை தடவை கழுவியிருப்பாளோ!

"ஏ மலரு, ஒரு எடத்துல நில்லு. பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?" என்றான் அவள் புருஷன் சிவக்குமார்.

"நெனச்சிட்டுப் போறாங்க."

நடந்தது இதுதான். கட்சியின் ஒன்றியச் செயலாளர் பெரியண்ணன். மலர்விழி இருக்கும் வார்டில் முதலில் அவரே கவுன்சிலர், அப்புறம் அவர் தம்பி, அதற்கப்புறம் மகன் அறிவழகன். இந்த முறை பெண்கள் வார்டு என்று அறிவித்துவிட்டார்கள். அதனாலென்ன, வீட்டில் பெண்களுக்கா பஞ்சம்! பெங்களூரில் இருந்த மருமகள் கோகிலாவை வரவழைத்து, மேளதாளத்தோடு மனுத்தாக்கல் செய்ய வைத்தார். அந்த மனு ஒருவேளை தள்ளுபடியானால் கட்சிச் சின்னம் போய்விடக்கூடாது என்று கூடவே ஒரு மாற்று வேட்பாளரையும் போடுவது வழக்கம். அதற்கு மலர்விழி. மாற்று என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் வாபஸ் வாங்கிவிட்டு ஓட்டுக் கேட்கக் கிளம்ப வேண்டும். மகளிரணியில் இருபது வருஷம் உழைத்தவளுக்குக் கட்சி செய்த மரியாதை அவ்வளவுதான்.

மனுப் பரிசீலனை அன்று எதிர்க்கட்சிக்காரன் எழுந்து, "மருமகப்பொண்ணு பேரு இந்த ஒன்றியத்து ஓட்டர் லிஸ்டுலயே இல்லீங்களே" என்றானே பார்க்கலாம்! பெங்களூரில் ஃபிளாட் வாங்கியதும் ஓட்டும் அங்கே போய்விட்டிருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டர் லிஸ்டைச் சரிபார்ப்பவள் மலர்விழி. செத்தவர் யார், கட்டிக்கொடுத்த பெண் யார் என்று ஒன்று விடமாட்டாள். ஆனால் பெரிய வீட்டு வாசலில் நின்று, "உங்க மருமக பேரு லிஸ்டுல இருக்குதுங்களா?" என்று கேட்க எவருக்குத் துணிச்சல் வரும்? அவளும் கேட்கவில்லை, மற்ற நிர்வாகிகளும் கேட்கவில்லை. கோகிலாவின் மனு தள்ளுபடி. சின்னம் மலர்விழியின் மடியில் வந்து விழுந்தது.

பெரியண்ணன் இதிலெல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர். தம்பி மனைவி தேன்மொழியைச் சுயேச்சையாக வேறு மனுப்போட வைத்திருந்தார். மலர்விழி விலகிக்கொண்டால் கட்சிக்காரர்கள் மொத்தப் பேரும் தேன்மொழிக்கு வேலை செய்வதாக ஏற்பாடு.

அவர் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி அவளைக் கூப்பிட்டார்.

"அண்ணே, சின்னம் இல்லாம நின்னா தோத்துருவோமுங்களே" என்றாள் மலர்விழி.

"சின்னம் போனாப் போவுது மலரு. சீட்டு வூட்ட விட்டுப் போவக்கூடாது." குரலில் கோபமே இல்லை. "உன்னயக் கூடப் பொறந்தவளாட்டந்தான வெச்சிருக்கறேன்? மாப்ளயும் நம்ம மில்லுல தான வண்டி ஓட்டறாரு? போயி வாபஸ் வாங்கிட்டு வா. வூட்டுல சாப்பாடு சொல்லியிருக்கேன்."

கூடப்பிறந்தவளாம்! கூடப்பிறந்தவளுக்கு மட்டும் சீட்டு கிடையாதாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவள்தான் தெருத்தெருவாக அலைந்தாள். அவள் தெருவில் தார் ரோடு போடுகிறேன் என்று அவர்கள் சொன்னதை அவள்தான் போய்ச் சொன்னாள். மழை பெய்தால் இன்றைக்கும் அந்தத் தெருவில் சேறு முழங்கால் வரைக்கும் வருகிறது. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் பார்க்கும்போதெல்லாம், "ரோடு என்னா ஆச்சு?" என்பாள். "அண்ணங்கிட்ட சொல்றேன்" என்பாள் இவள். மாலை அவர்களுக்கு, பொய்க்காரி என்ற பெயர் இவளுக்கு.

சிவக்குமார் பின்னாலேயே வந்தான். "அவுரு பேச்ச மீறாத. வண்டிச் சாவியப் புடுங்கிட்டாருன்னா சோத்துக்கு என்னா பண்றது? உன் கால்ல வேணாலும் வுழறேன், போயிக் கையெழுத்துப் போட்டுரு."

பயம் அவளுக்கும் இல்லாமலா? படியேறிப் போனாள். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் பெரியண்ணன் தலையாட்டுவது தெரிந்தது.

"வாபஸுங்களாம்மா?" என்றார் உள்ளே இருந்த அலுவலர்.

மலர்விழி வாயைத் திறந்தாள். "தண்ணி குடிக்க வந்தனுங்க" என்றாள்.

மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்று பிடித்தாள். அலுவலர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் குடித்தாள். சிவக்குமார் வாசலிலிருந்து கையை ஆட்டினான், ஜாடை காட்டினான், தலையில் அடித்துக்கொண்டான். வயிறு முட்டிப்போய் அடுத்த டம்ளரைப் பிடித்தபோது அலுவலர், "நேரம் முடிஞ்சுதும்மா" என்றார். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

வெளியே வந்தாள். ஏச்சு கிடைக்கும் என்றுதான் எதிர்பார்த்தாள். ஆனால் பெரியண்ணன் காரை விட்டு இறங்கிச் சிரித்தபடி நின்றிருந்தார். கையில் பொன்னாடை. தேன்மொழிக்கு வாங்கி வைத்திருந்தது போலிருக்கிறது. கட்சிக்காரர்கள் கைதட்ட, அதை விரித்து சிவக்குமாரின் தோளில் போர்த்தினார்.

"மாப்ள, பேருக்கு மலரு நிக்கட்டும். இனிமே எல்லாம் நீதான் பாத்துக்கணும்."

"எல்லாம் அண்ணன் போட்ட பிச்சைங்க!" சற்றுமுன் அவள் காலில் விழ இருந்த மனிதனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "மலரு, நீ வூட்டுக்குப் போ. நாங்க பேசிட்டு வர்றோம். அடுத்த தடவ ஜெனரல் வார்டு ஆச்சுன்னா நம்ம பையனயே நிறுத்திரலாம்."

காலையிலிருந்து பெரியண்ணனுக்குப் பயந்தது போதாதென்று இப்போது இது வேறா! அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"கொஞ்சம் குனிங்க" என்றாள்.

வேர்வை துடைக்கப்போகிறாள் என்று நினைத்துக் குனிந்தான். அவள் பொன்னாடையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கைதட்டல் நின்றுபோனது.

"மனு போட்டது நானுங்கண்ணே" என்றாள் பெரியண்ணனிடம்.

விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினாள். எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தாள் குள்ளம்மாள். அவளைப் பார்த்துக் கைகூப்பினாள். இருபது வருஷமாக "அண்ணனுக்கு" என்றே பழகிய நாக்கு ஒரு கணம் தடுமாறியது.

"எனக்கு ஓட்டுப் போடு குள்ளம்மா."

"உனக்கா?" குள்ளம்மாள் பொன்னாடையை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப ரோடு வருமா?"

"வரலன்னா என் வூட்டு வாசல்ல வந்து நின்னு, என்னயக் கேளு."