வேலியில் எட்டுத் திருகாணி

வெண்டல் வீட்டுக் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் சூப்பர் மார்க்கெட்டின் பின்சுவர். அங்கே ரொட்டி வேகிற வாசனை இவன் அடுக்களைவரை வரும். ஆனால் கடைக்குப் போவதென்றால் காரை எடுத்து, வளைந்து நெளிந்து குடியிருப்பை விட்டு வெளியேறி, பெரிய சாலை பிடித்து இரண்டு மைல் சுற்ற வேண்டும். ஒஹையோவில் அந்தக் குடியிருப்புக்கு வரைபடம் போட்ட மகானுபாவன் ஒருநாளும் பால் வாங்க நடந்துபோயிருக்க மாட்டான்.

வேலியில் ஒரு பலகை கழன்று கிடந்தது. அந்த இடுக்கில் நுழைந்தால் கடை இருநூறு அடிதான். ஆட்கள் போய்வந்து போய்வந்து, வெண்டலின் புல்தரையில் ஒற்றையடித் தடம் விழுந்துவிட்டது. உரமும் தண்ணீருமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த புல்! அவனுக்குப் பொறுக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வேறு. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், வியாழக்கிழமை காலை புதுப்பலகை வைத்து எட்டுத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டான்.

சனிக்கிழமை காரில் வீடு திரும்பும்போது, கடையைத் தாண்டியதுமே சாலையோரம் ஒருத்தி பால் கேனைச் சுமந்துகொண்டு நடப்பதைப் பார்த்தான். அங்கே ஏது நடைபாதை? லாரி வரும்போதெல்லாம் பள்ளத்தில் இறங்கி நின்றாள். கிட்டே போனால், அட கடவுளே, லோர்னா! பக்கத்து வீட்டுக்காரி, அவனைவிடப் பத்து வயது மூத்தவள். வலிப்பு வந்தபிறகு கார் ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொன்னது அவனுக்கும் தெரியும். பாலுக்கு என்ன செய்கிறாள் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

"ஏறுங்க லோர்னா, ஏறுங்க."

ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். செருப்பு கடித்துக் குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"வேலி இடுக்கை எவனோ அடைச்சுட்டான், வெண்டல். நீதான் சங்கத்துல இருக்கியே, யாருன்னு தெரியுமா?"

அவனுக்குக் காதுமடல்வரை சூடேறியது.

"விசாரிக்கறேன்," என்றான்.

சீ, என்ன மனிதன் நான் என்றிருந்தது. ஒரு சிக்னல் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. சொல்லித் தொலை, சொல்லித் தொலை என்று மனசு இடித்தது.

"வெயில் ஜாஸ்தி," என்றான்.

"ஆமா, கொளுத்துது," என்றாள்.

ஞாயிறு காலை, தெருவே சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொல்லைக்கு வந்தான். சத்தமில்லாமல் கழற்றிவிட்டால் யார் போட்டது, யார் எடுத்தது என்று எவருக்கும் தெரியாது. கடைசித் திருகாணியையும் கழற்றினான்.

"அதோட எட்டும் ஆச்சு."

திரும்பினால் லோர்னா, காலிப் பையோடு நிற்கிறாள்.

"எட்டுன்னு உங்களுக்கு எப்படி..."

"வியாழக்கிழமை நீ போடும்போது ஜன்னல்ல நின்னு எண்ணினேனே."

"அப்புறம் ஏன் நேத்து எங்கிட்டயே கேட்டீங்க?"

"நீயா சொல்லுவேன்னுதான். ரெண்டு மைல் இருந்துதே, வெண்டல்."

அவள் அவனுடைய புல்லில் கால் படாமல் வேலியோரமாகவே ஒதுங்கி நடந்து, இடுக்கில் நுழைந்து போய்விட்டாள். பலகையைப் பிடித்தபடி அவன் அவளைக் கூப்பிட வாயெடுத்தான். அதற்குள் அவள் கடைச்சுவர் மூலையில் திரும்பிவிட்டாள்.