பூனைக்குத் தெரிந்த பேச்சு

பரளச்சியில் கன்னடம் பேசிய வீடு ஒன்றே ஒன்றுதான். அது தறிக்காரர் திம்மையாவின் வீடு. அருப்புக்கோட்டையில் தெருத் தெருவாகச் சொந்தக்காரர்கள் இருக்க, கோயிலில் யாருக்கு முதல் மாலை என்ற சண்டையில் கோபித்துக்கொண்டு, தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றி இந்தக் கரிசல் காட்டுக்கு வந்தவர். அது நடந்து இருபது வருஷம் இருக்கும். மாலை வாங்கினவர் செத்தும் போய்விட்டார், இவருடைய கோபம் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் கன்னடம் பேச மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர். அவரும் அவருடைய மகள் கங்கம்மாளும்.

கங்கம்மாள் கல்யாணமானவள். புருஷன் அப்பய்யா சீனாவில் இருந்தான். துணியை விரலால் தடவிப் பார்த்தே அது எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்கிற கை அவனுக்கு. மதுரைக்கு வந்திருந்த பம்பாய் வியாபாரி ஒருவர் அந்தக் கையைப் பார்த்து மயங்கி, உலகச் சண்டை ஓய்ந்த மறு வருஷம் ஷாங்காயில் இருந்த தன் ஜவுளிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அப்பய்யா, “ஒரு வருஷம் பொறு. ஒரு எடம் பாத்ததும் உன்னையக் கூப்பிட்டுக்கிறேன்” என்றான். அவள் தகர டிரங்குப் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. காலையில் எழுந்து, அப்பாவின் தறிக்குக் குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிற வேலையில் உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை அவள் மனசில் ஓடுவது ஒன்றுதான். எப்போது கூப்பிடுவான்?

கடிதம் வரத்தான் செய்தது, ஏழு வந்திருந்தது. ஆனால் அந்த வீட்டில் கடிதத்தைப் படிப்பது என்கிற வழக்கம் கிடையாது. கன்னடம் பேசுவார்களே தவிர, அவர்களில் எவருக்கும் அதை எழுதத் தெரியாது. எழுத்தெல்லாம் தமிழில்தான். ஆகவே படிக்கத் தெரிந்தவர் மனசுக்குள் தமிழில் படித்துக்கொண்டு, வாயால் கன்னடத்தில் சொல்வார். வீட்டுக் கடிதம் வீட்டுப் பேச்சில்தான் காதில் விழ வேண்டும். கங்கம்மாளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. திம்மையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கத்தையும் புரட்டிப் படித்துவிட்டு நாலு வாக்கியத்தில் சொல்லி முடிப்பார். எழுத்துத் தமிழ் வளவளவென்று இருக்கும்போல, அதுதான் சொல்லும்போது சுருங்கிவிடுகிறது என்று கங்கம்மாள் நினைத்துக்கொள்வாள். பெற்ற அப்பன்மேல் சந்தேகப்பட யாருக்குத்தான் தோன்றும்?

அந்த நாலு வாக்கியத்திலும் இருந்தது பூனைதான். திம்மையா அதைப் ‘பெக்கு’ என்பார், அவர்கள் பேச்சில் பூனைக்கு அதுதான் பேர். ஒரு மழை நாளில் காது கிழிந்த பெக்கு ஒன்று ஜன்னல் வழியாக அப்பய்யாவின் அறைக்குள் வந்து கரியடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டதாம். சோறு வைத்தானாம், முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். பக்கத்து அறைச் சீனக் கிழவி கையை மீன் மாதிரி நெளித்துக் காட்டினாளாம். அப்பய்யாவோ பிறந்ததிலிருந்து மீனைத் தொடாதவன், அவன் வீட்டில் மீன் என்ற சொல்லைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். அவன் சந்தைக்குப் போய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விரலை நீட்டி ஒரு மீன் வாங்கினானாம். முதல் நாள் வந்து தலை முழுகினான். அந்தக் குளிரில் குளிப்பதென்றால் தெருக்கோடியில் வெந்நீர் விற்கிற கடையில் போய் ஒரு வாளி வாங்கி வர வேண்டும். மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் கையை மட்டும் கழுவினான்.

இதைக் கேட்டுக் கங்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கே ஊருக்குள் திரிந்த ஒரு சாம்பல் நிறப் பூனைக்குத் தயிர்ச்சோறு வைக்க ஆரம்பித்தாள். அது வாசலுக்கு வந்தால் சீனாவிலிருந்தே ஏதோ வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பதில் எழுதுவதும் அப்பாதான். அவள் கன்னடத்தில் சொல்வாள், அவர் தமிழில் எழுதுவார். இங்கேயும் ஒரு பெக்கு இருக்கிறது என்று எழுதச் சொல்வாள். கடைசியில் மட்டும் குரலைத் தாழ்த்தி, “எப்பக் கூப்பிடப் போறீகன்னு கேளுப்பா” என்பாள். “எழுதிட்டேன், எழுதிட்டேன்” என்பார் திம்மையா. ஒவ்வொரு தடவையும் அதே பதில் வந்தது. இடம் இன்னும் சரிப்படவில்லையாம், பொறுத்திருக்கச் சொல்கிறானாம்.

ஏழாவது கடிதம் புரட்டாசிக் கடைசியில் வந்தது. திம்மையா அதைப் படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பெக்கு குட்டி போட்டிருக்காம்” என்றார். எத்தனை என்று கேட்டாள். எழுதவில்லை என்றார். கங்கம்மாளுக்கு ஆறவில்லை. இவ்வளவு எழுதுகிற மனுஷன் குட்டி எத்தனை என்று எழுதாமல் இருப்பானா?

கார்த்திகையில் சாம்பல் பூனையும் குட்டி போட்டது. வைக்கோல் படப்பின் அடியில் மூன்று கிடந்தன. பெய்கிற தூறலில் அவை நடுங்குவதைப் பார்த்ததும், அங்கே பிறந்த குட்டிகளை அவன் என்ன செய்தான், அடுப்புப் பக்கம் வைத்தானா, துணியில் சுற்றினானா என்று தெரிந்துகொள்ளத் தவித்தாள். அப்பா நெய்த வேட்டிகளைக் கொடுத்து நூல் வாங்கி வர அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார், மறுநாள் சாயந்திரம்தான் வருவார். அப்போதுதான் பருத்திக்காட்டு வேலைக்குப் போய்விட்டுச் சேரிப் பெண் மாரிக்கனி அந்த வழியாக வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதுவரை படித்தவள். திம்மையா இருந்தால் அவளை வாசலில் நிற்கவே விடமாட்டார். கங்கம்மாள் ஏழாவது கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினாள்.

“இதுல பூனைக்குட்டி பத்தி இருக்கும். அத மட்டும் வாசி புள்ள.”

மாரிக்கனி கடிதத்தை மேலும் கீழும் பார்த்தாள். “குட்டின்னு ஒண்ணும் காணமேக்கா.”

“நல்லாப் பாரு.”

“பூனை இருக்கு. குட்டி இல்ல. மொதல்லருந்து வாசிக்கட்டா?”

முதன்முதலாகப் புருஷனுடைய கடிதத்தை அவன் எழுதிய சொல்லிலேயே கங்கம்மாள் கேட்டாள். மாரிக்கனி எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ராகம் போட்டு வாசித்தாள்.

‘கங்காவுக்கு அப்பய்யா எழுதிக்கொண்டது. உன்னை என்னிடம் வரச் சொல்லி நான் கேட்பது இது மூன்றாவது முறை. முதல் முறை கேட்டதற்குக் கடல் பயம் என்று எழுதினாய். இரண்டாம் முறை கேட்டதற்கு, அப்பாவை விட்டு எங்கும் வரமாட்டேன், இனி இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று எழுதினாய். மற்றக் கடிதத்தில் எல்லாம் பூனையைத்தான் விசாரிக்கிறாய். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஊருக்குச் சண்டை நெருங்கிவிட்டது. முதலாளி கடையைக் காலி செய்துகொண்டு சிங்கப்பூர் போகிறார், நானும் போகிறேன். உன் பேருக்குச் சிங்கப்பூர்க் கப்பல் சீட்டு எடுத்து நாகப்பட்டினத்தில் முதலாளியின் ஆளிடம் வைத்திருக்கிறது. ஐப்பசி கடைசிவரை வைத்திருப்பார். நீ வந்தால் எனக்கு அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம். வராவிட்டால் உன் மனசு இதுதான் என்று எடுத்துக்கொள்வேன். அப்புறம் எழுதித் தொந்தரவு கொடுக்க மாட்டேன். நீயும் இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம், இங்கே யாரும் இருக்க மாட்டோம்.’

மாரிக்கனி நிறுத்தினாள். கங்கம்மாள், “பூனை?” என்றாள். அந்த நேரத்தில் அதை ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

‘பூனையைப் பக்கத்து அறைக் கிழவியிடம் விட்டுப் போகிறேன். இந்த ஊரில் நம் பேச்சு தெரிந்தது அது ஒன்றுதான். இரண்டு வருஷமாக அதனிடம்தான் கன்னடம் பேசினேன். கிழவி சீனத்தில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உன் பேரைத்தான் அதற்கு வைத்திருந்தேன், சொன்னால் கோபிப்பாயோ என்று முன்னே எழுதவில்லை.’

“இன்னிக்குத் தேதி என்ன?” என்றாள் கங்கம்மாள்.

“கார்த்திகை பன்னண்டுக்கா.”

கங்கம்மாள் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து மற்ற ஆறு கடிதங்களையும் எடுத்து வந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே மாரிக்கனி எல்லாவற்றையும் வாசித்து முடித்தாள். மீனும் வெந்நீர்க் கடையும் கிழவியும் அப்படியே இருந்தார்கள், பூனை விஷயத்தில் ஆறாவது கடிதம்வரை அப்பா ஒரு சொல் குறைக்கவில்லை. மற்றதெல்லாம் போயிருந்தது. அறை பார்த்துவிட்டேன் என்று அவன் எழுதியது போயிருந்தது. குளிருக்கு உனக்கு ஒரு பஞ்சுச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன் என்று எழுதியது போயிருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்வி ஒரு தடவைகூட சீனாவுக்குப் போய்ச் சேரவில்லை. இவள் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள், அவன் வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான், நடுவில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அழுகை வரவில்லை அவளுக்கு. அடுத்தவன் ஏமாற்றியிருந்தால் அப்பாவிடம் ஓடிவந்து சொல்லியிருப்பாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மாரிக்கனியைக் கொண்டு நாகப்பட்டினத்து ஆளுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். போடும்போதே தெரிந்தது, பன்னிரண்டு நாளாக எந்தச் சீட்டும் காத்துக்கொண்டிருக்காது என்று.

மறுநாள் சாயந்திரம் திம்மையா நூல்கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வாசலிலேயே, “கங்கா, தண்ணி கொண்டாம்மா” என்றார் கன்னடத்தில். அவள் செம்பை நீட்டினாள். பாதி குடித்தவர் தறியைப் பார்த்தார். நெய்து கிடந்த வேட்டியின்மேல் ஏழு கடிதங்களும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. செம்பு அவர் கையிலேயே நின்றது.

“மாரிக்கனி வாசிச்சா” என்றாள் கங்கம்மாள். “எல்லாத்தையும் வாசிச்சா. நீங்க எழுதின பதிலு மட்டும்தான் நான் கேக்கல. அதயும் அவுகளே கடுதாசியில எழுதியிருக்காக.”

அவள் பேசியது தமிழ். அந்த வீட்டுச் சுவர்களுக்குள் அப்பனும் மகளும் ஒருவருக்கொருவர் தமிழ் பேசிக்கொண்டதே இல்லை. தமிழ் தெருவுக்கும் சந்தைக்கும். கன்னடத்தில் அவள் அவரை ‘நீ’ என்றுதான் சொல்வாள், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ‘நீங்க’ என்பது நூல்கடைக்காரருக்கும் தபால்காரருக்கும் கொடுக்கிற மரியாதை.

திம்மையாவின் முகம் செத்துவிட்டது. மெல்ல உட்கார்ந்தார். கன்னடத்திலேயே சொல்ல ஆரம்பித்தார். “மொதக் கடுதாசியில கொஞ்சம் மாத்தினேன். ஒரு மாசம் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் மாத்துனத மறைக்க இன்னும் மாத்த வேண்டியதாப் போச்சு. நூல் சுத்த ஆள் கெடைக்காதுன்னு இல்ல, அது சத்தியம்.” செம்பைத் தரையில் வைத்தார். “உன் அம்மாவும் போயிட்டா. நீயும் கப்பலேறிட்டா இந்த வீட்டுல நான் யாருகிட்டம்மா பேசுவேன்?”

கங்கம்மாள் தறியில் கிடந்த கடிதங்களை எடுத்து மடித்தாள். ஒரு கணம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது, அதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

“நீங்க சொல்றது எனக்கு வெளங்கல” என்றாள். “தமிழ்ல சொல்லுங்க.”

அவர் சொல்லிப் பார்த்தார். இருபது வருஷமாக வேட்டி விற்கவும் நூல் பேரம் பேசவும் பழகின தமிழ் அது. அதில் இந்தச் சங்கதியைச் சொல்ல வார்த்தை வரவில்லை. “தப்புதான்... பெரிய தப்பு நடந்துபோச்சு” என்று, சரக்கில் குறை வந்துவிட்ட வியாபாரி மாதிரிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நாகப்பட்டினத்திலிருந்து பதில் வரவே இல்லை. கங்கம்மாள் அந்த வீட்டிலேயேதான் இருந்தாள், போவதற்கு அவளுக்கு இடம் எது? முன்போலவே சோறு பொங்கினாள், நூல் சுற்றிக் கொடுத்தாள். ‘சாப்பிட வாங்க’, ‘நூல் தீந்துபோச்சு’, ‘தபால்காரர் வந்தாரு, நமக்கு ஒண்ணுமில்ல’. எல்லாம் தமிழில்தான், எல்லாம் ‘நீங்க’தான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் கன்னடத்தில் எதைக் கேட்டாலும் அவள் காதில் விழாது. நாலைந்து மாதத்தில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

கன்னடம் பேச அவளுக்கு ஆள் இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் உட்கார்ந்து சாம்பல் பூனைக்கும் அதன் மூன்று குட்டிகளுக்கும் தயிர்ச்சோற்றைப் பிசைந்து வைப்பாள். ஷாங்காயில் காது கிழிந்து ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு என் பேர், மீன் இல்லாமல் சாப்பிட மாட்டாள், உங்களைப்போல இல்லை என்று சொல்லிச் சிரிப்பாள். சின்ன வயசில் அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த செல்லப் பேச்செல்லாம் அதில் வரும். உள்ளே தறியில் இருக்கிற திம்மையாவுக்கு அந்தக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. இரண்டு வார்த்தையாவது காதில் விழட்டும் என்று அவர் தறியை நிறுத்துவார். தறிச் சத்தம் நின்றதும் அவளும் பேச்சை நிறுத்திவிடுவாள்.