ஜெயம்மா மேலே பார்க்கிறாள்

“மூக்க சொறியலாமா?”

“கூடாது அண்ணி. அசைஞ்சா நெழல் மாறிரும்.”

“கண்ணுல கோழி றெக்கய ஒட்டிட்டு எவளாவது மூக்க சொறியாம இருப்பாளா?”

“கோழி இல்ல, செம்பகம்.”

“செம்பகமோ என்னமோ, அரிக்குது.”

விஜயகலா சொறிந்தேவிட்டாள். இமையில் ஒட்டியிருந்த செம்பழுப்பு இறகு மடியில் விழுந்தது. சுகந்தினி போனை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

பெல்மதுளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், அண்ணன் சதீஸின் காம்பராவில், லயத்து வரிசை வீட்டின் ஓர் அறையில்தான், சுகந்தினி இருந்தாள். அண்ணனுக்குக் கொழும்பில் கடை வேலை. அண்ணி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மலையில் கொழுந்தெடுத்தாள். சுகந்தினி டவுனில் றம்ஸான் நானாவின் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். வழியில் கிடக்கும் இறகுகளைப் பொறுக்கி வருவாள். வெள்ளைத் தட்டில் வைத்துப் படமெடுப்பாள். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் மீன்கொத்தியின் நீலம் ஒரு சேலைக்குக் கரையாகும்; கிளியின் பச்சை தேயிலைக் கூடைக்குள் நிறையும்; அண்ணியின் முகத்தில் செம்பகத்தின் இறக்கை விரியும். அந்தப் படங்களைக் கொழும்பில் கண்காட்சி நடத்துகிறவர்கள் கேட்டிருந்தார்கள். ஆனால் ஒன்று குறைந்தது.

“உசிரோட ஒரு பறவை வேணுமாம் அண்ணி. நானே புடிச்ச படமா இருக்கணுமாம். திங்கக்கெழமைக்குள்ள அனுப்பாட்டி வேற ஆளுக்கு எடம் போயிரும்.”

“காக்காய புடி. நம்ம லயத்துல அதுக்கு என்ன பஞ்சம்?”

“காக்கா வேணாம். ஒன்னு பாத்து வச்சிருக்கேன்.”

“என்னது?”

சுகந்தினி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எட்டாம் நம்பர் மலையில மேல வாகை மரம் இருக்குல்ல? அதுல குளவி கட்டியிருக்கு. மொறம் அளவுக்குத் தொங்குது. ஒரு பருந்து அதையே சுத்திச் சுத்தி வருது. கூட்ட ஒடைச்சுத் திங்கத்தான். அது எறங்கி அடிக்கிற நேரத்துல புடிச்சேன்னா...”

“அடிப்பாவி. கங்காணிகிட்ட சொன்னியா?”

“சொன்னா கூட்டக் கலைச்சிருவாங்க. கூடு இல்லாட்டி பருந்து எதுக்கு வருது?”

விஜயகலாவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. அந்தத் தோட்டத்தில் கூட்டைக் கண்டால் சொல்வது பேசி முடிவான காரியமல்ல, பழக்கம். குளவிக்கூட்டைக் கண்டவர் வீட்டுக்குப் போகுமுன் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் அந்தத் தேயிலை நிரைகளின் தலைப்பில் சிவப்புத் துணி கட்டுவார். கொழுந்து முற்றி இலையாகிப் போனாலும் கூடு கலைக்கப்படும்வரை ஒருவரும் உள்ளே போகமாட்டார்கள். சிறு பிள்ளை கண்டாலும் ஓடிவந்து சொல்லும்.

“எப்ப புடிப்ப?”

“ஞாயித்துக்கெழம. நானா அன்னிக்குத்தான் பெரிய கேமராவ தர்றேன்னாரு. அன்னிக்குக் கல்யாணம் ஒன்னும் இல்லையாம்.”

விஜயகலா விரல் மடித்துப் பார்த்தாள்.

“எட்டாம் நம்பர்ல கொழுந்தெடுக்குற ரவுண்டு செவ்வாக்கெழமதான் வருது. ஞாயித்துக்கெழம மலையில ஈ காக்கா இருக்காது. சரி, புடிச்சிட்டு அன்னிக்கே சொல்லிறணும். என்ன?”

“சத்தியமா அண்ணி.”

“கொழும்புக்காரங்க கூப்பிட்டா என்னையும் கூட்டிட்டுப் போகணும். றெக்க ஒட்டுனது என் மூஞ்சி.”

சனிக்கிழமை கேமரா பையோடு சுகந்தினி லயத்துக்கு வந்தபோது, இந்திரகுமார் கங்காணி குழாயடியில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் கைக்காசு! எட்டாம் நம்பர்! மழைக்குக் கொழுந்து தள்ளிருச்சு, செவ்வாக்கெழம வரைக்கும் விட்டா முத்திரும். வர்றவங்க காலையில வந்துருங்க. கிலோவுக்குத்தான் காசு, பேருக்கு இல்ல.”

“கங்காணியாரே, ஞாயித்துக்கெழமயும் எங்க மூஞ்சியப் பாக்காட்டி ஒங்களுக்குச் சோறு எறங்காதா?” என்று பக்கத்து லயத்து ஜெயம்மா கேட்டாள். குழாயடியே சிரித்தது.

“ஒன் மூஞ்சிய பாத்தா எறங்குன சோறும் மேல வந்துரும் ஜெயம்மா.”

“அப்ப தராசு பக்கம் வராதீங்க. நாளைக்கு மலையில பாதி என் படங்குச் சாக்குலதான் இருக்கும்.”

சுகந்தினி காம்பராவுக்குள் வந்து பையை வைத்தாள். விஜயகலா பின்னாலேயே வந்தாள்.

“அண்ணி, கங்காணிகிட்ட சொல்லிருவோமா?”

“சொல்லேன். சொல்லிட்டு கொழும்புக்குச் செம்பகத்தயே அனுப்பு.”

“வெளையாடாதீங்க.”

“வெளையாடல. யோசி. எந்த நாளும் கீழ ரோட்டுலருந்துதான நிரை புடிக்கிறோம்? வாகை மரத்துக்கு ஏறுறதுக்கு மத்தியானம் ஆயிரும். நீ வெள்ளனயே மறு மலைக்குப் போயிரு. புடிச்ச ஒடனே எனக்குப் போன்ல ஒரு கோல் போடு. நான் தேத்தண்ணி நேரத்துல, ‘இந்தா, இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு’ன்னு கங்காணிகிட்ட சொல்லிர்றேன். முடிஞ்சுது.”

“நெசமா கீழருந்துதான் வருவாங்களா?”

“நான் இந்த மலையில பொறந்தவடி. எனக்குத் தெரியாதா?”

சொன்னது சரிதான், வழக்கமான வேலை நாளுக்கு. பேருக்கு, அதாவது நாள் கணக்குக்கு, சம்பளம் என்றால் கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். எல்லாரும் கீழிருந்து வரிசையாக ஏறுவார்கள். கைக்காசுக்கு நிரை கிடையாது. கிலோவுக்குக் காசு என்பதால், கொழுந்து எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே முந்துகிறவள் கெட்டிக்காரி. கைப்பிள்ளையோடு இருந்த விஜயகலா இதுவரை கைக்காசுக்குப் போனதில்லை. அந்த வித்தியாசம் அவள் கணக்கில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மறு மலையின் ஓரத்தில், மானாப்புல்லுக்குள் சுகந்தினி முட்டிபோட்டிருந்தாள். நடுவில் ஓடை. அதற்கப்பால் எட்டாம் நம்பரும் வாகை மரமும். பெரிய லென்ஸுக்குள் கூடு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அதன் மேல் அடைந்திருந்த குளவிப் படலம் அலையலையாக நடுங்கியது. பருந்து வந்துவிட்டிருந்தது. வட்டம் போட்டது, உயர்ந்தது, மறுபடி தாழ்ந்தது. வெயில் இறக்கையின் அடியில் பட்டபோது ஒவ்வொரு இறகிலும் கருப்புப் பட்டை தெரிந்தது.

“வா,” என்றாள் மெதுவாக. “வா, வா.”

ஓடைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. லென்ஸின் கீழ் மூலையில் ஒரு மஞ்சள் துணி வந்தது. பிறகு தலை. ஜெயம்மா. ரோட்டிலிருந்து நேரே மேலே ஏறி வந்திருந்தாள். வாகை மரத்தடியில் ஒருவரும் தொடாத கொழுந்து இடுப்பளவுக்கு நின்றது.

“ஏய், வாங்கடி மேல!” அவள் குரல் தெளிவாகக் கேட்டது. “இங்க கெடக்கு புதையலு. கீழ புல்லப் பிச்சிட்டு நிக்கிறாளுக.”

ஒரு கூச்சல் போதும். அவள் குரல் இங்கே கேட்டால் இங்கிருந்து அங்கேயும் கேட்கும். சுகந்தினிக்கு அது தெரிந்தது. கத்தினால் பருந்து போய்விடும் என்பதும் தெரிந்தது. பருந்து அப்போது இறக்கையை மடக்கிக்கொண்டிருந்தது.

இது ஒன்று மட்டும் என்று நினைத்தாள்.

பருந்து விழுந்தது. ஷட்டர் தொடர்ந்து அடித்தது. கூட்டின் ஒரு பாதி பிய்ந்து தொங்க, இறக்கைகள் முழுசாய் விரிய, கீழே ஜெயம்மா கொழுந்துக் கையை நெற்றிக்கு வைத்து மேலே பார்த்தாள்.

அதன் பிறகுதான் சுகந்தினி கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் குளவி கலைந்து எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும்போது விஜயகலா பாயில் கிடந்தாள். ஒரு கண் மூடியிருந்தது. மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டது.

“ஜெயம்மாக்கா செத்துட்டாளாம்,” என்றாள். “ஆசுபத்திரி வாசல்லயே. லொறியிலருந்து எறக்குனதுதானாம்.”

சுகந்தினி சுவரோடு உட்கார்ந்திருந்தாள்.

“நான் ரோட்டுப் பக்கம் நின்னேன், ஓடிட்டேன். அவ மேல போறத பாத்தேன் சுகந்தி. வேணாக்கான்னேன். ஏன்டின்னா. என்னான்னு சொல்றது? ஒன் கோலும் வரல. முள்ளு இருக்குன்னேன். ஒனக்குப் பொறாமடின்னு சிரிச்சிட்டுப் போயிட்டா.”

“நான் கத்தியிருக்கலாம் அண்ணி.”

“கத்துனியா?”

“இல்ல. அப்புறமாத்தான்.”

வெளியே ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் ஆளை அனுப்பிவிட்டான், இந்திரகுமாரைச் சாவு வீட்டு வாசல் மிதிக்க விடக் கூடாது, அவன் கங்காணி வேலைக்கும் முடிவு கட்டவேண்டும் என்றார்கள்.

“கேட்டியா?” விஜயகலா எழுந்து உட்கார்ந்தாள். “பழி அங்க போயிருச்சு. வாய மூடிக்க. நீ சொன்னா நான் மட்டும் இந்த லயத்துல குடியிருக்க முடியுமா? புள்ளைங்க எந்தக் குழாயில தண்ணி புடிக்கும்?”

“அவரு என்னா பண்ணாரு அண்ணி?”

“ஒன்னும் பண்ணல. அதுக்கு? அவரு ஆம்பள, சமாளிப்பாரு. படத்த அழிச்சிரு.”

திங்கட்கிழமை காலையில் கிருஷ்ணகுமாரி வாசலில் வந்து நின்றாள். ஜெயம்மாவின் ஒரே மகள். வத்தளையில் ஒரு கார்மென்ட்டில் வேலை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்த முகம் இப்போது காய்ந்திருந்தது.

“சுகந்திக்கா, அம்மா படம் ஒன்னு இருக்குமா?”

“உள்ள வா குமாரி.”

“இல்லக்கா, வேல கெடக்கு. ஐடெண்டி கார்ட்ல இருக்கிறது அம்மா மாதிரியே இல்ல. என் போன்ல இருந்ததெல்லாம் பழைய போனோட போச்சு. பேனர் அடிக்கணும். நீங்க எல்லாரையும் புடிப்பீங்களே, ஒன்னாவது இல்லாமலா போயிரும்?”

“இல்லம்மா,” என்று விஜயகலா உள்ளேயிருந்து வீங்கிய வாயால் சொன்னாள். “ஜெயம்மாக்காவ புடிச்சதே இல்ல.”

கிருஷ்ணகுமாரி தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். கட்டைப் படியில் இறங்கிவிட்டாள்.

“இருக்கு,” என்றாள் சுகந்தினி.

“ஏய்!” என்றாள் விஜயகலா.

சுகந்தினி கேமராவை எடுத்துவந்து, படத்தைத் திரையில் கொண்டுவந்து, அவள் கையில் கொடுத்தாள். கிருஷ்ணகுமாரி முதலில் தாயை மட்டும் பார்த்தாள். முகம் இளகியது.

“அம்மாதான். எவ்வளவு தெளிவா... கண்ணு சுருக்குறத பாருங்கக்கா. இது எப்ப புடிச்சது?”

“நேத்து.”

“நேத்தா?”

பிறகுதான் அவள் கண் மேலே ஏறியது. பருந்து. கூடு.

“நீங்க எங்க இருந்தீங்க?”

“மறு மலையில.”

“பருந்த புடிக்கப் போனீங்களா?”

“ஆமா.”

“அப்ப கூடு இருக்குன்னு மொதல்லயே தெரியும்.”

“தெரியும்.”

“கங்காணிகிட்ட சொல்லல.”

“சொல்லல. சொன்னா கலைச்சிருவாங்கன்னு.”

“அங்கருந்து கூப்பிட்டிருந்தா அம்மாவுக்குக் கேட்டிருக்குமா?”

சுகந்தினி தரையைப் பார்த்தாள்.

“என்னைய பாருங்கக்கா. கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்கும்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

உள்ளே பாயில் அசைவில்லை.

“நான்தான் பாத்தேன். நான்தான் சொல்லல,” என்றாள் சுகந்தினி.

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிருஷ்ணகுமாரி கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதையே பேனர் அடிங்க.”

“அம்மாவ மட்டும் வெட்டி, பின்னால வெள்ளையாக்கி...”

“ஒன்னையும் வெட்டாதீங்க. பருந்து இருக்கட்டும், கூடும் இருக்கட்டும். அம்மா கடைசியா எத பாத்துச்சுன்னு எல்லாரும் பாக்கட்டும். கீழ யாரு புடிச்சது, எப்ப, எங்கன்னு எழுதுங்க. ஒங்க கையாலயே எழுதுங்க. நான் எவன்கிட்டயும் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.”

ஸ்டூடியோவில் படம் கம்ப்யூட்டர் திரை முழுக்க விரிந்தபோது றம்ஸான் நானா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“யா அல்லாஹ்! என்ன படம் புள்ள இது! இறக்கையில ஒவ்வொரு இழையும் தெரியுதே. இத அனுப்பினா கொழும்பே வாயப் பொளக்கும். கீழ ஒரு பொம்புள நிக்கிறாவே, அவவ எடுத்துருவமா?”

“அவங்கதான் நானா செத்துப்போனது.”

அவர் கை மவுஸில் நின்றது. சுகந்தினி விசைப்பலகையை இழுத்து, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று தட்டினாள். ஜெயம்மாவின் பெயரைத் தட்டினாள். அதற்குக் கீழே தட்டிய வரியை அவர் இரண்டுதரம் படித்தார்.

“இந்த வரி வேணுமா புள்ள?”

“வேணும்.”

“சின்ன எழுத்தாப் போடுவம். ஓரத்துல.”

“பேரு அளவுக்கே போடுங்க நானா.”

“கொழும்புக்கு?”

“அனுப்பல.”

அவர் பிரின்டரை ஓடவிட்டார். பருந்துதான் முதலில் வெளியே வந்தது.

செவ்வாய்க்கிழமை சாவு வீட்டு வாசலில் பேனரைக் கட்டினார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்திரகுமார் கங்காணி ரோட்டோரத்திலேயே நின்றார். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை. கூட்டம் படத்தைப் பார்த்து, “ஐயோ, அப்படியே நிக்கிறாளே” என்று அழுதது. எழுத்தை யாரும் படிக்கவில்லை. படித்தவர் அவர்தான், தூரத்தில் நின்று, வாய்விட்டு.

“படம்: சுகந்தினி. ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டாம் நம்பர் மலை, குளவி கொட்டுவதற்கு முன்.”

நிறுத்தினார். மறுபடி படித்தார். பறை அடித்தவர்களும் நிறுத்தினார்கள்.

“குமாரி, இது என்னாம்மா எழுதியிருக்கு?”

“எழுதுனபடிதான் மாமா. நீங்க உள்ள வந்து அம்மா மூஞ்சிய பாருங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வழிவிட்ட பெண்கள் ஒவ்வொருவராகச் சுகந்தினி பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்கு நடுவில், ஒரு கண் மட்டும் திறந்திருந்த முகத்தோடு, விஜயகலா நின்றாள்.

“நீயாடி?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி அவள்தான் முதலில் கேட்டாள். “தெரிஞ்சா வச்சிருந்த? என்கிட்டகூட சொல்லாம?”

சுகந்தினி அண்ணியைப் பார்த்தாள்.

“ஆமா அண்ணி,” என்றாள். “ஒங்ககிட்டயும் சொல்லல.”