தாடைத் துணி

பழனியம்மாள் பழைய வேட்டியின் கரையைக் கிழித்து மாமனாரின் தாடைக்கு அடியில் கொடுத்தபோது, கருப்பண்ணன் அவள் கையைப் பிடித்தான்.

"கட்டாதே."

"ஏனுங்க, இப்பவே கட்டலைன்னா வாய் இப்படியே நின்னுக்குமுங்க."

"மத்தியானம் கட்டிக்கலாம். கை தூக்கி முடியட்டும்."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. துணியைக் கீழே போடவில்லை. கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டாள்.

அவனுடைய அய்யன் விடிகிற நேரத்தில் போயிருந்தார். இருமல் நின்றது, அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் பஞ்சாயத்து போர்டுக்குப் பிரசிடெண்ட் எடுக்கிற நாள். மாரியம்மன் கோயில் வாசலில், ஆபீசர் முன்னால் ஊர் கை தூக்க வேண்டும். கருப்பண்ணன் ஒருமுறை இருந்துவிட்டு மறுபடியும் நின்றான். தெருமுனைகளில் விளக்கு வைத்தவன் அவன். ராக்காவலுக்கு ஆள் போட்டவன் அவன். அதற்கப்புறம் எவன் பட்டியிலும் ஆடு களவு போகவில்லை. எதிரில் நின்ற சடையன், காவல் எதற்கு, அதற்கு வரி எதற்கு என்று பேசித் திரிந்தான். அந்தப் பேச்சுக்கும் ஆள் சேர்ந்தது. நிம்மதியாகத் தூங்கி எழுந்தவன் காவல்காரனை நினைக்க மாட்டான். கருப்பண்ணன் நம்பியதெல்லாம் பங்காளிகளின் கைகளைத்தான். சாவு தெரிந்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. ஒருவனும் கோயில் வாசலை மிதிக்க மாட்டான். அவனும் மிதிக்கக் கூடாது.

போர்வையை அய்யனின் கழுத்துவரை இழுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். நான் திரும்பி வரும்வரை அழுதுவிடாதே என்று பழனியம்மாளிடம் சொன்னான்.

பக்கத்து வீட்டுச் சின்னாயி மோருக்கு வந்து, அய்யனுக்கு எப்படி இருக்கிறது என்று வாசலிலிருந்தே கேட்டாள்.

"தூங்குறாருங்க" என்றான் கருப்பண்ணன்.

பழனியம்மாள் மோரை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக் கொடுத்தாள். கிழித்த துணி அவள் விரலில் சுற்றியிருந்தது.

கோயில் வாசலில் பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். கருப்பண்ணன் ஒருகணம் தயங்கினான். பிறகு எடுத்துப் பூசிக்கொண்டான்.

முதல் கை செல்லமுத்துவுடையது. பங்காளிகளில் மூத்தவர், அய்யனுக்குத் தம்பி முறை. கையைத் தூக்கியபடியே சிரித்தார்.

"அய்யன வண்டியில வெச்சாச்சும் கூட்டியாந்திருக்கலாமே சாமி. பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு."

"முடியலீங்க, சித்தப்பா."

அவன் ஜெயித்தான். செவ்வந்தி மாலை போட்டார்கள். மாலையோடு வீட்டு நடையில் கால் வைத்ததும் உள்ளே பழனியம்மாளின் அழுகை வெடித்தது. சொல்லிவைத்த நேரத்துக்கு அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். அப்படி இல்லை. விடிந்ததிலிருந்து அடக்கியது அது. நிறுத்தச் சொன்னாலும் நின்றிருக்காது.

தாடைத் துணியை இறுக்கிக் கட்டினார்கள். வாய் மூடவில்லை.

வந்தவர்களிடம், இப்போதுதான், நான் உள்ளே நுழைகிற நேரத்தில்தான் போனார் என்று கருப்பண்ணன் சொன்னான். குளிப்பாட்டத் தூக்கியபோது செல்லமுத்து, அய்யனின் கையை மடக்கப் பார்த்தார். விறைத்திருந்தது, மடங்கவில்லை. எத்தனையோ பிணத்தைக் குளிப்பாட்டியவர் அவர். திறந்திருந்த வாயைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு பூசியிருந்த கருப்பண்ணனைப் பார்த்தார். சொம்பை எடுத்துத் தண்ணீரை ஊற்றினார். மற்றவர்களும் ஊற்றினார்கள். காலையில் தோளில் தட்டிப் பேசியவர்கள், இப்போது அவன் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

மேச்சேரியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி ராமாயி வண்டியில் வந்து இறங்கினாள். நேரே போய் அய்யனின் தாடைக்கு அடியில் கையைக் கொடுத்து மேலே அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"எப்பண்ணா போனாரு?"

"மத்தியானம்."

அவள் கையை எடுக்கவில்லை.

"சரி. மத்தியானமாவே இருக்கட்டும்" என்றாள்.

ஆணியில் அந்தச் செவ்வந்தி மாலை தொங்கியது. எழுந்து போய் எடுத்துவந்து, அய்யனின் வாயும் தாடையும் மறைகிற மாதிரி வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வாய்க்கரிசிக்குப் பங்காளிகள் வரிசையாக வந்தார்கள். கருப்பண்ணன் தலைமாட்டில் நின்றான். செல்லமுத்து இடது கையால் மாலையை ஒதுக்கினார். காலையில் தூக்கிய கையால் அரிசியைப் போட்டார். மாலையைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு நகர்ந்தார்.

அடுத்தவரும் மாலையை ஒதுக்கினார்.