சன்னல் பக்கக் கட்டில்

கடிதம் வந்த அன்று லுத்சினா பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு பீட்ரூட் சூப் வைத்துவிட்டு வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவப்பு. தபால் பெட்டியிலிருந்து உறையை எடுத்தபோது அதிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. வீடு மூன்றாவது மாடியில். முதல் திருப்பத்திலேயே பையை இறக்கி வைத்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பிரித்தாள்.

உஸ்த்கா ஆரோக்கிய விடுதி. நவம்பர் பன்னிரண்டு முதல் இருபத்தொரு நாள். முதுகுத்தண்டுக்குச் சிகிச்சை.

டாக்டர் எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அரசாங்கச் செலவு, அதனால் எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்பதற்கெல்லாம் இடமில்லை. வரிசை நகர்ந்து நகர்ந்து நம் முறை வரும்போது கையில் என்ன விழுகிறதோ அதுதான். சிலருக்கு மலை விழும், சிலருக்கு உப்புக் காற்று வாங்கப் பழைய உப்புச் சுரங்கம் விழும். லுத்சினாவுக்குக் கடல் விழுந்திருந்தது. ஐம்பத்தாறு வயதுவரை அவள் கடலைப் பார்த்ததில்லை. நாட்டின் அந்த ஓரத்தில் அது இருந்தது, இந்த ஓரத்தில் பிட்டோமில் அவள் இருந்தாள். நடுவில் ஒரு ராத்திரி ரயில்தான். அந்த ஒரு ராத்திரிதான் இத்தனை வருடமாக வாய்க்கவில்லை.

அவள் கணவன் செனோன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நவம்பர்ல கடல்ல என்ன இருக்கு?"

"தண்ணி இருக்கும்."

"தண்ணி குழாயிலயும் வருது."

உள்ளறையிலிருந்து மாமனார் அலோய்ஸியின் குரல் வந்தது. "டேய், அவ தண்ணி பாக்கவா போறா? சாயங்காலமானா அங்க டான்ஸ். எங்க சுரங்கத்துல ஒருத்தன் பொண்டாட்டிய மூட்டு வலின்னு அனுப்பி வச்சான். மூட்டு சரியாயிடுச்சு. ஆளு திரும்பி வரல."

"நான் வந்துருவேன் மாமா. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா," என்றாள் லுத்சினா. சிரிப்பு அவளுக்குப் பாதிதான் வந்தது.

அலோய்ஸிக்கு நான்கு வருடம் முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதோடு சர்க்கரை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வயிற்றில் இன்சுலின் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "மருமகதானே, வாம்மா, பாத்துக்க," என்று காட்டிக் கொடுத்த நாளிலிருந்து அதை லுத்சினாதான் போடுகிறாள். செனோனுக்கு ஊசியைக் கண்டால் முகம் வெளுத்துவிடும். ஒரு தடவை முயன்று பார்த்து, அப்பாவின் கட்டிலிலேயே மயங்கி விழுந்தான். அப்பனை விட்டுவிட்டு மகனைத் தெளிவிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே போவதா இல்லையா என்ற கேள்வி, யார் ஊசி போடுவார் என்ற கேள்வியாகச் சுருங்கியது. செனோனின் தங்கை உர்ஷுலாவிடம் கேட்டார்கள். அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. "இது ஒரு விஷயமா அண்ணி? நீங்க போயிட்டு வாங்க. எங்கப்பாதானே," என்றாள் ஃபோனில்.

மறுநாள் பள்ளிச் சமையலறையில் கூட வேலை செய்யும் இர்மினா விஷயத்தைக் கேட்டு, உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்தாள். இர்மினா இரண்டு தடவை போய் வந்தவள்.

"எழுதிக்கடி. சொந்தக் கப்பு, சொந்த ஸ்பூன். தண்ணி கொதிக்க வைக்கிற கெட்டில் கொண்டு வரக் கூடாதுன்னு போட்டிருப்பான். எல்லாரும் கொண்டு வருவாங்க, நீயும் கொண்டு போ, துண்டுல சுத்தி வச்சுக்க. அப்புறம் முக்கியமா ஒண்ணு. விடியறதுக்கு முன்ன போய் நிக்கணும்."

"எதுக்கு?"

"ரூமுக்கு ரெண்டு பேரு. முதல்ல வர்றவளுக்குத்தான் சன்னல் பக்கக் கட்டில். பின்னால வர்றவ மூணு வாரமும் கதவப் பாத்துப் படுத்துக் கிடக்கணும். போன தடவ எனக்குக் கதவுதான். குறட்டை வேற, அவளோடது."

லுத்சினா எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சன்னல் பக்கக் கட்டில் அவள் மனதில் ஒரு மூலையில் விரித்துப் போட்டபடியே இருந்தது. வெள்ளை விரிப்பு. எழுப்ப ஆள் கிடையாது. கடல் அவ்வளவாக நினைப்பில் வரவில்லை. படுக்கைதான் வந்தது.

அப்புறம் ஜாடி வேலை தொடங்கியது. வேலையிலிருந்து வந்து தினமும் ஒரு பானை வைத்தாள். புளித்த மாவு சூப், முட்டைக்கோசும் இறைச்சியும், பீன்ஸ். கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, மூடி இறுக்கி, பெரிய பாத்திரத்தில் துணி போட்டு அடுக்கி, மறுபடியும் கொதிக்க வைத்து, ஆறியபின் கட்டடத்தின் அடித்தளத்தில் தங்களுக்குள்ள சின்னத் தடுப்பறைக்குக் கொண்டுபோய் வைத்தாள். ஒவ்வொரு மூடியிலும் கிழமையை எழுதி ஒட்டினாள். ஓய்வெடுக்கப் போகவேண்டிய அவள் முதுகு, ஓய்வுக்கான ஏற்பாட்டிலேயே இன்னும் கொஞ்சம் ஒடிந்தது.

"இவ்வளவு எதுக்கு? நான் முட்டை பொரிச்சுக்க மாட்டேனா?" என்றான் செனோன்.

"முட்டை எங்க இருக்கும்?"

செனோன் யோசித்தான். "கடையில," என்றான்.

நவம்பர் முதல் தேதி, புனிதர் அனைவர் திருநாளன்று எல்லோரும் கல்லறைக்குப் போனார்கள். ட்ராமில் சாமந்திச் செடிகளைத் தூக்கிப் பிடித்தபடி ஊரே நின்றது. மாமியாரின் கல்லறையில் லுத்சினா உதிர்ந்த இலையைக் கூட்ட, உர்ஷுலா ஈரத் துணியால் பளிங்கைத் துடைத்தாள். நாலு விளக்கை ஏற்றி வைத்தபின், துணியைப் பிழிந்துகொண்டே உர்ஷுலா சொன்னாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். பன்னண்டாம் தேதியிலேர்ந்து மகனோட வீட்ல வேலை. தரை ஓடு மாத்தறாங்க. பிள்ளைங்கள நான்தான் வச்சுக்கணும். காலைல ஆறு மணிக்கு என்னால எப்படி வர முடியும், சொல்லுங்க?"

"நீ சரின்னு சொன்னியே."

"சொன்னேன். அப்ப ஓடு வரல." உர்ஷுலா தன் அம்மாவின் பெயர் வெட்டியிருந்த இடத்தை இன்னொரு தடவை துடைத்தாள். "கடல் எங்க ஓடிப் போகுது? கோடையில போங்களேன், அப்பத்தான் நல்லா இருக்கும்."

சண்டை போடலாம். அதற்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். லுத்சினா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள்.

வீடு திரும்பும்போது செனோன் சொன்னான், "காரணத்தை எழுதி, சீட்டைத் திருப்பி அனுப்பிடு. வேற தேதி குடுப்பாங்க."

கொடுக்க மாட்டார்கள் என்று இர்மினா முன்பே சொல்லியிருந்தாள். செத்தால், ஆஸ்பத்திரியில் கிடந்தால் காரணம். மாமனாருக்கு ஊசி என்பதெல்லாம் காரணத்தில் சேராது. பெயர் வரிசையின் வாலுக்குப் போகும். இன்னும் இரண்டு வருடம். அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு. முதுகுக்கு என்ன வயதாகியிருக்குமோ.

ஞாயிற்றுக்கிழமை மதியம், செனோன் வேலைக்குப் போனபின், சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் எழுதினாள். மூன்று தாள் கிழிந்தது. நாலாவதில் சுருக்கமாக எழுதி முடித்தாள். 'என் மாமனாருக்குத் தினமும் இரண்டு வேளை ஊசி போட வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆகவே என்னால் வர இயலாது.' கையெழுத்துப் போட்டு, மடித்து, மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். காலையில் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்க்கலாம். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாமனாரின் அறைக்குப் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இன்சுலின் ஏற்றும் ஊசிப் பேனா கட்டிலோரத்துச் சின்ன மேசையில், அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன எழுதின இவ்வளவு நேரம்?"

"ஒண்ணுமில்ல மாமா. அஞ்சு நிமிஷம் இருக்கு. போட்டுடலாம்."

நாற்காலியின் முதுகில் தலையைச் சாய்த்தது மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது.

கண் திறந்தபோது மணி ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது. அவள் மடியில் மாமனாரின் கம்பளிச் சட்டை போர்த்தியிருந்தது. தூக்கிவாரிப் போட எழுந்து பேனாவை எடுத்தாள்.

"வேணாம்மா," என்றார் அலோய்ஸி. "போட்டாச்சு."

"யாரு போட்டா? செனோன் வந்துட்டானா?"

"அவன் எங்க வந்தான். கீழ வை அதை. ரெண்டு தடவ போட்டா நான் போயிருவேன். அப்புறம் உஸ்த்காவுக்குப் பதிலா நீ கல்லறைக்கு லீவு போடணும்."

பக்கத்துத் தட்டில் ரொட்டித் துணுக்குகள் கிடந்தன. கழற்றிய ஊசி முனை, மூடி போட்டு, அவள் தினமும் போடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவர் வலது கையைப் பார்த்தாள்.

"நீங்களா போட்டீங்க?"

"நீ தூங்கிட்ட. எழுப்ப மனசு வரல."

"எப்படி?"

அவர் பேனாவை வாங்கி, முழங்கால்கள் இரண்டுக்கும் நடுவே இடுக்கி, வலது கையால் மருந்தின் அளவைத் திருகிக் காட்டினார். டிக், டிக், டிக். எண்ணிக்கை பிசகவில்லை. இன்றைக்குப் பழகிய கை அல்ல அது.

"எத்தனை நாளா வரும் இது?"

அவர் தொண்டையைச் செருமினார். "காலிப் பேனாவ வச்சுப் பழகினேன். முதல் வருஷம் சரியா வரல. அப்புறம் வந்துடுச்சு."

"மூணு வருஷமாவா?"

"இருக்கும்."

லுத்சினா உட்கார்ந்துவிட்டாள். "மாமா, என் கூட வேலை பாக்கற சபினா கல்யாணத்துல, டான்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுந்து ஓடி வந்தேன். உங்களுக்கு ஊசி போட. ட்ராம் இல்லாம பாதி தூரம் அந்தக் குதிகால் செருப்போட நடந்து வந்தேன்."

"தெரியும். கேக் கொண்டு வந்தியே."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே."

அவர் போர்வையின் நூலைப் பிய்த்தார். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "பகல் பூரா இங்க டிவிதான் பேசுது. உர்ஷுலா வந்தா நின்னுக்கிட்டே பேசிட்டுப் போறா. நீ ஊசி போட வந்தாத்தான் அந்த நாற்காலியில உக்காருவ. சூப் என்ன, எந்தப் பையன் தட்டைப் போட்டு உடைச்சான்னு ஏதாவது சொல்லுவ. ஊசி எனக்கே வரும்னு தெரிஞ்சா எதுக்கு உக்காரப் போற?"

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தைத் தூக்கி நிறுத்தத்தான் தெம்பில்லை. மூன்று வருடக் காலைகள், மூன்று வருட மாலைகள். ஓடி ஏறிய படிகள். ஒன்றுக்கும் திரும்ப வழியில்லை. அவர் சொன்னது பொய்யுமில்லை. இந்த வீட்டில் அவளும் உட்கார்ந்து பேசியது அந்த நாற்காலியில் மட்டும்தான்.

எழுந்து போய் மேலங்கிப் பையிலிருந்து தாளை எடுத்து வந்தாள். விளக்கடியில் பிரித்து அவருக்குப் படித்துக் காட்டினாள். 'அதைச் செய்ய வீட்டில் வேறு யாரும் இல்லை' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"அது இப்ப பொய்யாயிடுச்சு," என்றார் அலோய்ஸி.

"ஆயிடுச்சு. கையெழுத்து வேற போட்டிருக்கேன்."

தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். செனோனுக்கு என்று தலைப்பிட்டாள். ஒன்று, ஊசி அப்பா தானே போட்டுக்கொள்வார், நீ பக்கத்தில் வர வேண்டாம், விழுவாய். இரண்டு, எண்ணிக்கை சரியா என்று மட்டும் கேள். மூன்று, குளிப்பாட்டுவது செவ்வாய், வெள்ளி. நான்கு, முட்டை குளிர்பெட்டியின் கதவில் இருக்கிறது.

"ஊசி சரி," என்றார் அவர். "பேச்சுக்கு என்ன ஏற்பாடு?"

"செனோன் இருக்கானே."

"அவன் பகல் பூரா ஊருக்கே பஸ் கதவத் திறந்து மூடறான். வீட்டுக்கு வந்தா வாயத் திறக்க மாட்டேங்கிறான்."

லுத்சினா எழுதினாள். ஐந்து, மாலை ஆறு மணிக்கு அப்பா பக்கத்தில் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்.

அவர் எட்டிப் பார்த்தார். "அஞ்சு பத்தாது. பத்துன்னு போடு."

அவள் அடித்துவிட்டுப் பத்து என்று போட்டாள்.

"எப்ப கெளம்பற?"

"பதினொண்ணாம் தேதி ராத்திரி வண்டி. விடியறதுக்கு முன்ன போய்ச் சேரணும் மாமா. இல்லன்னா கதவுப் பக்கக் கட்டில்தான் கிடைக்கும்."

"அப்ப நேரத்தோட போ. கதவுப் பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றார். அவர் கட்டில் கதவை ஒட்டித்தான் கிடந்தது.

மாடிப்படியில் செனோனின் காலடி கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு தானாக எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கும். இன்றைக்கும் கொஞ்சம் எழப் பார்த்தது. முதுகு ஒத்துக்கொள்ளவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

செனோன் ஷூவைக் கழற்றிவிட்டு அறை வாசலில் வந்து நின்றான். இருவரையும் பார்த்தான்.

"சாப்பிட என்ன இருக்கு?"

"அடித்தளத்துல இருக்கு. ஜாடியில," என்றாள் லுத்சினா. "மூடியில ஞாயிறுன்னு எழுதியிருக்கும். போய் எடுத்துட்டு வா."

"இப்பவா? நீதான் வீட்ல இருக்கியே."

"இருக்கேன்," என்றாள். "நீ பழகிக்க."