அறைத்தோழன்

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே நடைவழியில், மாட்டியிருந்த கோட்டுகளுக்கு நடுவே நின்று, ஜோலீன் ஒரு கறுப்புக் கோட்டின் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தாள். அது எம்மெட்டின் கோட்டு. அவள் தம்பி கர்ட்டிஸோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவன்.

கர்ட்டிஸைச் சற்று முன்புதான் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். தூக்கம் வரவில்லை என்று யாரிடமோ வாங்கிப் போட்ட ஒற்றை மாத்திரை. உள்ளே ஃபென்டனில் என்ற கொடிய போதைமருந்து கலந்திருந்ததாம். யாரிடம் வாங்கினான் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கல்லறையில் எம்மெட் யார் முகத்தையும் பார்க்காமல் மரத்தடியில் ஒதுங்கி நின்றதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்பையில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்ததும் தெரிந்துவிட்டது. போதை மிஞ்சி மூச்சு அடங்குகிறவர்களுக்கு மூக்கில் அடிக்கும் மருந்து. ஒஹாயோவில் அவர்கள் ஊரில் அதைத் தெரியாதவர்கள் குறைவு.

"அது என் கோட்டு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஜோலீன் திரும்பினாள். "இத கையில வெச்சுக்கிட்டா அவன சாகவிட்ட?"

"அப்ப எங்கிட்ட இல்ல. நேத்துதான் குடுத்தாங்க. காலேஜ்ல பயிற்சி வெச்சாங்க, போனேன்."

"அவன் செத்தப்புறமா?"

எம்மெட் சுவரில் சாய்ந்தான். "அதுக்கு முன்னாடியும் ஒண்ணு வெச்சாங்க. நானும் கர்ட்டிஸும் போனோம். பீட்சா குடுத்தாங்க. தின்னுட்டு, அவங்க பேச ஆரம்பிக்கறதுக்குள்ள ஓடி வந்துட்டோம். 'நம்மளப் பாத்தா போதைக்காரன் மாதிரியாடா இருக்கு'ன்னு சிரிச்சான்."

தம்பி அப்படித்தான் சொல்லியிருப்பான். அதனாலேயே அவளுக்கு எரிச்சல் ஏறியது. "மாத்திரை யாரு குடுத்தது?"

"எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாத."

"சத்தியமாத் தெரியாதுங்க."

"அப்ப வேற என்னத்த மறைக்கற? வந்ததுலேர்ந்து திருடன் மாதிரி முழிக்கறியே."

அவன் கூடத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு அவன் பயங்கரமா கொறட்டை விட்டான்" என்றான் கடைசியில். "விட்டு விட்டு, தொண்டைல தண்ணி கட்டிக்கிட்ட மாதிரி. எந்திரிடான்னு கத்தினேன். தலகாணிய தூக்கி அவன் மேல எறிஞ்சேன். அப்புறம் காதுல பாட்ட மாட்டிக்கிட்டுத் தூங்கிட்டேன். நேத்து அந்த வகுப்புல அதே சத்தத்தப் போட்டுக் காட்டினாங்க. அது கொறட்டை இல்லியாம். மூச்சு அடங்கற சத்தமாம்."

ஜோலீன் மருந்தைக் கோட்டுப்பையில் திரும்பப் போட்டாள். மாத்திரை விஷயத்தில் அவனை நம்பலாமா என்று இன்னும் தெரியவில்லை. இதை நம்பினாள்.

"வேற யார்ட்ட சொன்ன?"

"யார்ட்டயும் இல்ல."

கதவு திறந்தது. அம்மா லொரெய்ன், கையில் உணவுத் தட்டோடு நின்றாள். "நீதானே எம்மெட்டு? சாப்பிடாம இங்க என்னப்பா பண்ற?" கிட்டே வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "தம்பி, உன்ன ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீதான் பக்கத்துல இருந்த. அவன் கஷ்டப்பட்டானா? கூப்பிட்டானா யாரையாவது?"

எம்மெட்டின் வாய் திறந்தது. சொல்லிவிடப் போகிறான் என்று ஜோலீனுக்குத் தெரிந்தது.

"தூங்கிட்டுத்தான் இருந்தானாம், அம்மா" என்றாள் முந்திக்கொண்டு. "இவனும் தூங்கிட்டான். இப்பத்தான் கேட்டேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு அவனை. திரும்பவும் மகளை.

"ஆறிடப் போகுது" என்று தட்டை அவன் கையில் கொடுத்தாள்.

எம்மெட் அங்கேயே நின்றபடி உருளைக்கிழங்கை அள்ளி வாயில் வைத்தான். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னம் உப்பி நின்றான். அம்மா நகரவில்லை. அவன் விழுங்கும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.