பதினேழு வழிகளும் ஒரு ஈரச் சீட்டும்

மனித அறிவின் வரலாற்றில் நெருப்புக்கும் அச்சு இயந்திரத்துக்கும் அடுத்த இடத்தில் வைத்துப் பேசத் தகுந்த நிகழ்ச்சி, துணி துவைக்கும் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஒரு கடையின் பின்னறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு நடந்தது. அன்று மெஷின் மனித குலத்துக்கு வழங்கிய முதல் ஞானம், பத்தாம் நம்பர் ஸ்பேனர் டீ கிளாஸுக்குப் பின்னால் இருக்கிறது என்பது.

மெக்கானிக் அந்த ஸ்பேனரை அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தார். பின்னறையில் கிடந்த, வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பழைய மெஷினை அதன் சொந்தக்காரர் மூன்று வருடமாக வந்து எடுத்துப் போகவில்லை. உள்ளே விழுந்திருக்குமோ என்று டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்து, "எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்று ஸ்பேனரைத் திட்டிவிட்டு, கதவைச் சாத்தி, இரும்புச் சத்தம் வருகிறதா என்று நான்கு நிமிடம் சுற்றவிட்டார். நின்றதும் பார்த்தால், சட்டைப் பையில் மறந்துபோன பஸ் டிக்கெட் மாதிரி ஒரு ஈரச் சீட்டு டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிளிப் போட்டுக் காயவைத்தார், படித்தார், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார். மறுநாள் ஒரு பேரிங்கின் அளவைக் கேட்டார். அதே கேள்வியைப் போன வாரம் நெட்டில் கேட்டு, பேரிங் பிறந்த கதையையும் இரண்டு மெத்தை விளம்பரங்களையும் பார்த்துவிட்டுத் தூங்கிப் போயிருந்தார். மெஷின் 'இருபத்தைந்து' என்றது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அந்த வருடங்களில் நெட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. எல்லாம் கிடைத்தது, கேட்டது மட்டும் கிடைக்கவில்லை. மருந்துக்கடையை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று தேடினால் முதலில் நான்கு மெத்தைகள் வரும், பிறகு மருந்துக்கடை என்றால் என்ன என்ற விளக்கம், பிறகு 'வணக்கம் நண்பர்களே' என்று ஆரம்பித்து மணிப் படத்தை அழுத்தச் சொல்லி மூன்று நிமிடம் கெஞ்சும் ஒருவர். அதற்குள் கடையைச் சாத்தியிருப்பார்கள். திறக்கிற பக்கத்திலெல்லாம் 'ஏற்கிறேன்', 'ஏற்கிறேன்' என்று அழுத்தி அழுத்தித் தபால்காரர் ஒருவருக்கு வலது கட்டைவிரல் ரேகை முழுக்க அழிந்துவிட்டது. அவர்தான் அவர் என்று சொல்ல எங்கே போனாலும் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போனார். மெக்கானிக்கின் மாமியார் ஒரே ஒரு தடவை மூக்குக்கண்ணாடி தேடினார். அன்றிலிருந்து அவர் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் மூக்குக்கண்ணாடி விளம்பரம் ஓடியது. இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, முகம் பார்க்காமலே தலைசீவப் பழகிக்கொண்டார்.

இந்த அலங்கோலத்துக்குப் பெரும் தொண்டு செய்தவர் அதே மாமியாரின் பெரிய மாப்பிள்ளை. ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், இருபத்திரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து கட்டுரை எழுதும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. மனிதர்கள் படிக்க எழுதுவதில்லை. தேடுபொறிக்குப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எழுநூறு வார்த்தை தாண்டும்வரை பதிலைச் சொல்லக்கூடாது என்பது அங்கே சட்டம். "முதல் வரியிலயே சொல்லிட்டா வந்தவன் எந்திரிச்சுப் போயிடுவான்" என்று மேலாளர் வாரா வாரம் எச்சரிப்பார். பெரிய மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பு, எதற்கும் பதினேழு வழிகள் சொல்வது. கறை போக்கப் பதினேழு வழிகள், பல்லி விரட்டப் பதினேழு வழிகள், மனநிம்மதிக்குப் பதினேழு வழிகள். பத்து என்றால் சும்மா சொல்கிறான் என்று தோன்றும், பதினேழு என்றால் யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்று தோன்றும் என்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பதினேழு'தான். துணி மெஷினைப் பற்றி எழுதும்போது ஒன்பதாவது வழிக்கு ஒன்றும் தோன்றாமல் விழித்தார். வீட்டுக்கு எண்ணெய் வாங்கிப் போக வேண்டும் என்ற ஞாபகம் வரவே, டிரம் சத்தம் போட்டால் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றவும் என்று எழுதி முடித்தார். நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றின் அடியிலும், வக்கீல் சொன்னதால், எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இவற்றில் எதையும் செய்வதற்கு முன், தெரிந்த ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.'

மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலி பதினொரு வருடமாகப் பெரிய மாப்பிள்ளையுடையது. யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், "பெரிய மாப்பிள்ளையைக் கேளு, உலகத்துக்கே சொல்றவரு" என்பார் மாமியார். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேள்வியின் முக்கியத்துவத்திலிருந்து ஆரம்பிப்பார். பதில் வரும்போது பாயசக் கிண்ணம் கழுவி வைத்திருக்கும். சின்ன மாப்பிள்ளையான மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸோடு, வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். யாரும் அவரை ஒன்றும் கேட்டதில்லை, தண்ணீர் வேண்டுமா என்பதைத் தவிர.

மெஷினின் பெயர் பரவ மூன்று மாதம் ஆயிற்று. பிறகு காலை எட்டு மணிக்கே வரிசை நின்றது. டோக்கனுக்கு மெக்கானிக், பழுதான மெஷின்களின் கழுத்தில் கட்டும் அட்டைகளையே கொடுத்தார். முன்பக்கம் நம்பர், பின்பக்கம் ஏற்கெனவே எழுதியிருந்த புகார். கல்லூரித் தலைவர் ஒருவர் 'தண்ணீர் வெளியே போகவில்லை' என்ற அட்டையோடு ஒன்றரை மணி நேரம் கௌரவமாக நின்றார். நீதிபதியானாலும் நகைக்கடைக்காரரானாலும் முட்டி போட்டு, வட்டக் கதவுக்குள் தலையை விட்டுத்தான் கேட்க வேண்டும். என்ன கேட்கிறார்கள் என்பது வெளியே கேட்காது. நான்கு நிமிடச் சுற்று. வந்த சீட்டை ஈரத்தில் பிரித்தால் கிழிந்துவிடும் என்பதால் கடை வாசலில் குறுக்கே கட்டிய கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். வெயிலில் எழுத்து மெல்ல மேலே வரும், வரிசையில் நிற்கிற எல்லாரும் படிப்பார்கள். ரகசியக் கேள்விக்காரர்கள் மட்டும் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து, சீட்டை ஈரத்தோடு அதில் மூடி எடுத்துப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் தன் முழங்கால் வலியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். பெரிய மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். மாமியார் கையை நீட்டித் தடுத்து, "நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை. நீங்க ஆரம்பிச்சா மூட்டு எப்ப கண்டுபிடிச்சாங்கன்றதுலேர்ந்து வரும். நான் போன வாரமே சின்ன மாப்பிள்ளை கடையில சீட்டு வாங்கிட்டேன்" என்றார். செருப்பை மாற்று என்று சீட்டில் இருந்ததாம். மாற்றினாராம், வலி போயே போய்விட்டதாம். அடுத்த ஞாயிறு மின்விசிறிக்குக் கீழே மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. ஸ்டூல் காலியாக இருந்தது, பெரிய மாப்பிள்ளை அதில் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் அவருடைய சட்டையில், வயிற்றுக்கு நேராக, இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த மாதிரி ஒரு பழுப்புத் தீய்வு இருந்தது. அடுத்த நாள் வேறு சட்டை, அதே இடம். டாக்டர் தொட்டுப் பார்த்து, "வயிறு கொஞ்சம் சூடா இருக்கு, மத்தபடி நல்லா இருக்கீங்க" என்று எழுதிக் கொடுத்தார். மெக்கானிக்கின் பேச்சு வந்த நாட்களில் தீய்வு கறுப்பாகவும், வராத நாட்களில் தேன் நிறத்திலும் விழுந்தது. அவர் மனைவி முதலில் நெட்டில் தேடினாள். தீய்ந்த கறை போக்கப் பதினேழு வழிகள் என்று நாற்பது இடத்தில் ஒரே கட்டுரை கிடைத்தது. பதினேழையும் செய்து பார்த்ததில் ஆறு சட்டைகள் போயின. ஒரு வியாழக்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தங்கை புருஷன் கடைக்குப் போய்விட்டு வந்தாள்.

"என்ன கேட்டே?" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"கேக்கணும்னு தோணிச்சு, கேட்டேன்."

"அதான், என்ன?"

"அது உங்களுக்கு எதுக்குங்க? சாப்பிடுங்க, ஆறுது."

ஊர் முழுக்க அந்த மெஷினைக் கேட்டதை அவரால் பொறுக்க முடிந்திருக்கும். சொந்த மனைவி, பதினான்கு வருடமாக எதிரில் உட்கார்ந்திருக்கும் அவரைக் கேட்காமல், சகலையின் ஓட்டை மெஷினுக்குள் தலையை விட்டிருக்கிறாள். என்ன கேட்டிருப்பாள்? தங்கையைக் கட்டியவனைத் தனக்குக் கட்டி வைத்திருக்கலாமோ என்றா? அலுவலகத்தில் வேலையை விட்டுவிட்டு, 'மனைவி மனதில் இருப்பதை அறிவது எப்படி' என்று தேடினார். முதல் பக்கத்தில், முதல் இடத்தில், அவருடைய கட்டுரையே வந்தது. எழுதியது மறந்துபோயிருந்ததால் நம்பிக்கையோடு கடைசிவரை படித்தார். இதற்கிடையில் அவள் அவருக்குக் காப்பிக்கொட்டை நிறத்திலேயே சட்டை வாங்க ஆரம்பித்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "எடுப்பா இருக்குங்க" என்றாள்.

மெஷினை நேரில் பார்த்துவிடுவது என்று போனார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க சகலை. டீ சொல்லவா?"

"டீ இருக்கட்டும். உள்ள என்ன வச்சிருக்கே?"

"நான் என்னத்தைக் கண்டேன் சகலை? கேட்டா சொல்லுது. பெல்ட்கூட இன்னும் மாத்தலை." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுவும் உங்க கேஸ்தான். ஒன்பதாவது வழி. இதோட சொந்தக்காரரு கரண்டிக்குப் பதிலா எண்ணெய் பாட்டிலையே ஊத்திட்டாரு. நம்ம கடைக்கு வர்ற மெஷின்ல மூணுல ஒண்ணு ஒன்பதாவது வழிதான் சகலை. நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்க புண்ணியத்துலதான் கடை ஓடுது" என்றார்.

அவர் அதை நன்றியோடுதான் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் பெரிய மாப்பிள்ளைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காப்பிக்கொட்டை நிறத்தையும் மீறி அன்று சட்டையில் தீய்வு தெரிந்தது.

இன்டர்நெட்டையே நிரப்பியவருக்கு ஒரு டிரம் எந்த மூலைக்கு? ஒரு வாரம் அலுவலகப் பிரிண்டரில் தன் கட்டுரைகள் அத்தனையையும் அச்செடுத்து இரண்டு சாக்குகளில் கட்டினார். மெக்கானிக் மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். குடையை விட்டுவிட்டேன் என்று மச்சினியிடம் சாவி கேட்டார். "மழையே இல்லையே மாமா" என்று சொல்லிக்கொண்டே அவள் கொடுத்தாள். எட்டுச் சுற்று. பல்லியையும் மனநிம்மதியையும் கலந்து கலந்து போட்டுச் சுற்றவிட்டார். இனி யார் தலையை விட்டாலும் மெத்தை விளம்பரத்திலிருந்து ஆரம்பிக்கும் என்று நிம்மதியாக அலுவலகம் திரும்பினார்.

மெக்கானிக் சாப்பிட்டுவிட்டு வந்து, வழக்கம்போல அடியில் இருக்கும் ஃபில்டரைத் திருகித் திறந்தார். ஒரு கைப்பிடி சாம்பல் நிறப் பஞ்சு இருந்தது. தட்டிக் குப்பையில் போட்டார். டிரம்மின் சுவரில் யாரும் கேட்காமலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. யாருடையதோ என்று கொடியில் தொங்கவிட்டார். காய்ந்ததும் எழுத்து வந்தது: 'எதையும் செய்வதற்கு முன், தெரிந்த ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.'

யாரும் உரிமை கோரவில்லை. சீட்டு அங்கேயே தொங்கியது. மெஷின் சொன்னதிலேயே பெரிய வார்த்தை இதுதான் என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். கல்லூரித் தலைவர் அதை எழுதித் தன் அறையில் சட்டம் போட்டு மாட்டினார். பெயின்டர் ஒருவர் கடைச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதினார். மாமியார் ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிக் கண் கலங்கினார், சின்ன மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி பாயசம் விட்டார். நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் பெரிய மாப்பிள்ளை எழுதிய ஒரே உண்மை வரி, வக்கீல் சொல்லி எழுதிய வரி, ஊர் முழுக்கப் புகழ் பெற்றுவிட்டது. அது தன்னுடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் சாக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் சொந்த வாக்கியத்தின் மீதே பொறாமைப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அந்த வாரம் பனியனும் போயிற்று.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, அரை நாள் விடுப்பு எடுத்து, தானே கடைக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். உறவுக்காரர் என்று மெக்கானிக் முன்னால் கூப்பிட்டார், அவர் வரவில்லை. அவருடைய அட்டையில் நாற்பத்தொன்று என்று இருந்தது, பின்பக்கம் 'சூடு அதிகம்'. முறை வந்ததும் முட்டி போட்டார். பதினொரு வருடம் எல்லாருக்கும் பதில் சொன்ன தலையை வட்டக் கதவுக்குள் விட்டு, என் மனைவி உன்னிடம் என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். நான்கு நிமிடம் மெஷின் சுற்றியது. சீட்டு வந்தது. அவசரத்தில் சாப்பாட்டு டப்பா கொண்டுவர மறந்திருந்தார்.

மெக்கானிக் சீட்டை வாங்கிக் கொடியில், காற்று அடித்ததால் இரண்டு கிளிப் போட்டு, மாட்டினார். வெயில் நன்றாக இருந்தது. நாற்பத்திரண்டாம் நம்பர் அட்டையோடு பின்னால் நின்றவர் மாமியார். புது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து வர வர, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: "அவர் சட்டை வயிற்றுப் பக்கம் ஏன் தீய்கிறது என்று கேட்டாள். தங்கை வீட்டுக்காரர் மேல் பொறாமை, பழுப்புச் சட்டையாக வாங்கு என்று சொன்னேன்."

படித்து முடிப்பதற்குள் வெள்ளைச் சட்டையும் தீய்ந்துவிட்டது.